சாவி யார் கையில்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் போனால் வழி நெடுகக் கரிசலும் சீமைக்கருவேலும், கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்களும்தான். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் அது செய்தி. இந்தச் சீமையில் மண்ணின் கலைகளுக்கென்று ஒரு பண்பாட்டு மையம் அமைந்தால் அது எப்படி இருக்க வேண்டும்? கட்டடத்தைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. அதன் சாவி யார் இடுப்பில் இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

நினைவைக் காப்பதற்கு இந்தப் பக்கத்தில் கட்டடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திருச்சுழியில் ரமணர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த கையோடு, 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் அவர். ரமணாசிரமத்தார் அந்த வீட்டை நன்றாகவே பேணி வருகிறார்கள். விருதுநகரில் காமராசர் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. கோவில்பட்டியில் கி. ராஜநாராயணனுக்கு அரசு கட்டிய நினைவரங்கம் 2022-ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளம் மேட்டில் அகழாய்வு தொடங்கி, சங்கு வளையல்கள் கிடைத்தன. நினைவு என்றால் நமக்கு ஒன்று பெரிய மனிதரின் வீடு, இல்லையென்றால் மண்ணுக்குள் கிடந்த பொருள். இரண்டுக்கும் நடுவில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள் ஒயிலாட்ட அண்ணாவி, உறுமிக்காரர், குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி. அவர்களைக் காலமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது.

யார் இந்த மண்ணின் மக்கள் என்பதே இங்கே எளிதில் தீராத வழக்கு. விருதுநகர் மாவட்டத்தின் மலைப் பழங்குடி என்றால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கத்துப் பளியர்கள். சமவெளியில் காட்டுநாயக்கர்களும், ஊசி பாசி விற்கும் நரிக்குறவர்களும் இருக்கிறார்கள். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்த சட்டம் 2023-ல்தான் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களில் பலர் ஏதோ ஒரு காலத்தில் எங்கிருந்தோ வந்தவர்கள். தேவராட்டம் ஆடும் ராஜகம்பளத்தார் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். தோல்பாவைக்கூத்து நடத்தும் மண்டிகர் வீட்டில் மராத்தி. அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களில் சாலியர், தேவாங்கர், சௌராட்டிரர் என்று வீதிக்கு ஒரு பேச்சு. கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' (1976) ஊரைவிட்டு ஓடிவந்து காடு திருத்திக் குடியேறியவர்களின் கதைதானே! ஆதியில் வந்தவர் யார் என்று தோண்டப் புறப்படுகிற மையம், திறப்பு விழாவுக்கு முன்பே கோர்ட்டு வாசலில் நிற்கும். மழை பொய்க்கிற மண்ணில் தங்கி, அந்தப் பிழைப்பிலிருந்து ஆட்டமும் பாட்டும் துணியும் உண்டாக்கிய எல்லோருக்கும் அங்கே இடம் என்று வைத்துக்கொண்டால் காரியம் நடக்கும்.

இந்தக் கலைகளை நடத்துவது காலண்டர். அறுவடை முடிந்து காடு சும்மா கிடக்கும்போதுதான் சாமி கும்பிடு. அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கல். அக்கினிச்சட்டி, பூக்குழி என்று ஊரே திரளும். இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளி. இடையில் ஊருக்கு ஊர் முளைப்பாரி, பொங்கல், புரவி எடுப்பு. பங்குனி தொடங்கி ஆவணி வரைக்கும் நையாண்டி மேளக்காரரை வீட்டில் பார்ப்பது அரிது. வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்கிய தேதிகள் நோட்டில் வரிசையாக இருக்கும். புரட்டாசி பிறந்ததும் நோட்டை மூடிவிட்டு உழவு, நூறு நாள் வேலை, கரிமூட்டம், பட்டாசு ஆலை என்று கிடைத்த வேலைக்குப் போவார்கள். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிற ஒரு மையத்தை இந்தக் காலண்டரில் எங்கே பொருத்துவது? ஆறு மாதம் கலைஞருக்கு நேரமில்லை. அடுத்த ஆறு மாதம் அவருக்குக் கூலியில்லை. மையத்துக்கு வேலை இருப்பது அந்த இரண்டாவது ஆறு மாதத்தில்தான்.

கோயில் திடலில் நடக்கும் இசை நாடகத்தை எடுத்துக்கொள்வோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த பாடம்தான் இன்றும் அதற்கு அடிப்படை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறோர் ஊரிலிருந்து. கொட்டகைக்குப் பின்னால் முகத்துக்குப் பவுடர் போடும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்து, "அண்ணே, என்ன கட்டையில பாடுறீக?" என்று விசாரித்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணத்தில் தர்க்கப் பாட்டு நள்ளிரவுக்கு மேல்தான் சூடு பிடிக்கும். கல்யாணம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். ஆனால் 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியோடு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அந்த விதி தேவைதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடிய விடிய நடக்கும்படி கட்டப்பட்ட ஒரு நாடகம், அனுமதி தருகிற அதிகாரியின் தயவில் நிற்கிறது. கரகாட்டத்துக்கும் ஆடல் பாடலுக்கும் போலீஸ் அனுமதி கிடைக்காமல் ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுப் போடுவது ஒவ்வொரு திருவிழாப் பருவத்திலும் நடக்கிறது. மையம் கண்ணாடிப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு வக்கீலை அமர்த்திக்கொள்ளட்டும் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நெசவு இன்னொரு விதம். அதற்குத் திருவிழாப் பருவம் கிடையாது, அன்றாடம் நடக்க வேண்டியது. அதன் முதல் கருவி தெரு. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இழுபட்டு நிற்கும். சோற்றுக் கஞ்சியைத் தடவி, அகலமான தூரிகையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒரே சீராக இழுத்துக்கொண்டே நடப்பார்கள். அறுந்த இழை கண்ணில் பட்டால், போகிற போக்கில் இரண்டு விரலால் முறுக்கி ஒட்டிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். கஞ்சி ஒரேயடியாகக் காய்ந்தால் நூல் முறுகித் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். தறியைக் குழியில் இறக்கி வைத்ததற்கும் காரணம் உண்டு. காற்றில் ஈரமில்லாத ஊரில் தரைக்குள் இருக்கும் குளிர்ச்சிதான் பருத்தி நூலை அறாமல் காக்கிறது. வறண்ட நிலத்துக்கென்று கண்ட தொழில்நுட்பம் இது. அதே தறியைப் பளபளக்கும் தரையில், குளிர்சாதன அறையில் வைத்தால் பார்வையாளர் படம் எடுத்துக்கொள்ளலாம். நெசவாளி அறுந்த இழையை முடிந்தே நாளைக் கழிப்பார். விசைத்தறிக்கு முன்னால் கைத்தறி தோற்கக் கூடாதென்று சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தெருவை ஒதுக்கிக் கொடுக்க யாரும் சட்டம் போடவில்லை. பாவு நீட்டிய இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவை நினைக்காமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. டெபோரா தியாகராஜனின் முயற்சி, லாரி பேக்கரின் வடிவமைப்பு, 1996 டிசம்பர் 14-ல் திறப்பு. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, தூணுக்குத் தூண், ஓட்டுக்கு ஓடு மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் அங்கே உண்டு. அவர்கள் எடுத்துவராமல் விட்டிருந்தால் அந்தத் தூண்களில் பல பழம்பொருள் வியாபாரிகளின் கைக்குப் போயிருக்கும். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் அங்கே வீட்டைப் பார்க்கலாம், வீடு இருந்த தெருவைப் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர், கூலி கொடுக்கும் முதலாளி, கடன்காரர், எவரும் அந்த வாசலுக்கு வர மாட்டார்கள். கீழடியில் சுமார் 18 கோடி ரூபாயில், செட்டிநாட்டுப் பாணியில் எழுந்து 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் கூட்டம் அலைமோதுகிறது. நல்லதுதான். ஒரு வசதி, 2,600 ஆண்டுப் பழைய பானை சம்பளம் கேட்காது. உறுமிக்காரர் கேட்பார்.

எந்தக் காட்சி மையமும் தொடத் தயங்குகிற இடம் சாதி. இந்தச் சீமையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரு தெரு உண்டு. அந்தத் தெருவுக்கு ஊரில் ஓர் எல்லையும் உண்டு. பறை பலகாலம் ஊழியமாக இருந்தது. சாவுக்கும் தண்டோராவுக்கும் அடிக்க வேண்டும், மறுக்க முடியாது, கூலி என்பது களத்தில் அள்ளிப் போடுகிற தானியம். அந்த அவமானம் வேண்டாமென்று பறையைத் தூக்கி எறிந்த இளைஞர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்கள் செய்தது சரி. பிறகு அதே பறையை விடுதலைக் கருவியாகக் கையில் எடுத்த தலைமுறை வந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் இதற்கு மேடை கொடுத்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடித்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இந்த முழுக் கதையையும் விட்டுவிட்டு, சுவரில் ஒரு பறையை மாட்டிப் 'பாரம்பரிய இசைக்கருவி' என்று அட்டை எழுதினால் அது பாதிப் பொய். அட்டையை எழுதுகிற கை யாருடையது என்பதும் சாவிக் கேள்வியின் இன்னொரு முகம்தான். தேவராட்டத்துக்கு நேர்ந்தது வேறு. கம்பளத்தாரின் கல்யாணத்திலும் கோயிலிலும் தேவதுந்துமிக்கு ஆடிய ஆட்டம் இப்போது பள்ளி ஆண்டுவிழாக்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளின் காலிலும் இருக்கிறது. சடங்கு போய்விட்டதே என்று வருந்தும் பெரியவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. கற்றுக்கொடுத்த ஆசானின் பெயர் விழா அழைப்பிதழில் வருவதில்லை என்பதுதான் என் குறை.

வெளியே கொஞ்சம் பார்க்கலாம். கனடாவின் மேற்குக் கரையில் அலர்ட் பே என்ற தீவு ஊரில் 1980-ல் உமிஸ்டா பண்பாட்டு மையம் திறந்தது. குவாக்வாக்கவாக்கு மக்களின் போட்லாட்ச் என்ற பெருவிருந்தில் ஆட்டம், முகமூடி, பரிசளிப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். கனடா அரசு அதை 1885-லிருந்து 1951 வரை சட்டப்படி தடைசெய்து வைத்திருந்தது. 1921 டிசம்பரில் ஒளிவாக நடந்த ஒரு பெருவிருந்தைக் கண்டுபிடித்து, முகமூடிகளை ஒப்படைக்கிறீர்களா, சிறைக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். பறிபோன முகமூடிகள் ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களுக்குப் போயின. பல பத்தாண்டுகள் கேட்டுக் கேட்டு, சொந்தமாக மையம் கட்டினால்தான் தருவோம் என்ற நிபந்தனையோடு பெரும்பகுதி திரும்பி வந்தது. அவற்றை அவர்கள் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தவற்றை இன்னொரு முறை பூட்டுவதா என்ற ரோஷம்.

இது ஏதோ தூரதேசத்துச் சங்கதி அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, இந்தப் பக்கத்து மறவர், கள்ளர் குடும்பங்களோடு, ஊர் ஊராகக் கயிற்றில் நடந்த தொம்பர் போன்ற நாடோடிகளும் போலீஸ் பதிவேட்டில் ஏறினார்கள். இடம்விட்டு இடம் போவதையே சந்தேகத்துக்குரிய செயலாக்கினால், ஊர் ஊராகப் போய்த்தான் நடத்த முடிகிற கலை என்ன ஆகும்? 1952-ல் நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது. இந்த வரலாற்றைச் சொல்லாத மையம் கழைக்கூத்தை வெறும் வித்தையாகத்தான் காட்டும். அகமதாபாத்தில் சாரா மக்கள் 1998-ல் தொடங்கிய புதன் தியேட்டர் இதற்கு நல்ல பாடம். குற்றப் பரம்பரை முத்திரை குத்தப்பட்டவர்கள் தங்கள் கதையைத் தாங்களே தெருநாடகமாகப் போட்டார்கள். கையிலிருந்த கட்டடம் என்று பார்த்தால் சாராநகரில் ஒரு சின்ன நூலகம். அவர்களுக்குத் துணைநின்ற கணேஷ் தேவிதான் பாஷா அமைப்பின் வழியாகக் குஜராத்தின் தேஜ்கட்டில் ஆதிவாசி அகாதமியையும் எழுப்பினார். நியூ கலிடோனியாவில் கனக் மக்களுக்காக ரென்சோ பியானோ வடிவமைத்த ஜீபாவு மையம் (1998) அழகுக்குப் பேர்போனது. ஆனால் அதைப் பற்றிப் படிக்கும் இடமெல்லாம் கட்டடக் கலைஞரின் பெயர்தான் முதலில் வருகிறது.

அருப்புக்கோட்டைச் சீமையில் இதற்கு முன் ஒரு மையம் இருந்திருக்கிறது. ஆவியூர்ப் பக்கம் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பெயர்பெற்ற கல்விச்சாலை. குறண்டிக் குரவர்களின் மாணாக்கர் பெயர்கள் மதுரைச் சமணர் மலையிலும், தெற்கே கழுகுமலையிலும் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. குறண்டிக் கற்கள் பிற்காலத்தில் திருச்சுழிக்குப் பக்கத்துப் பள்ளிமடம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தன என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் குறிக்கிறார்கள். கட்டடத்தைக் கலைத்து எடுத்துப் போய்விட்டார்கள்; மாணாக்கர் பெயரைக் கலைக்க முடியவில்லை.

இனி அரசு. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. நலிந்த மூத்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கலை இளமணி முதல் கலை முதுமணி வரை மாவட்ட விருதுகளும் உண்டு. வேண்டாமென்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் இவை எல்லாம் கலைஞருக்குக் கொடுக்கப்படுபவை. அவர் கையெழுத்துப் போட்டுச் செலவழிக்கிற கணக்கு ஒன்று இல்லை.

அதற்கு வழி வெளியூரில் தேட வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் சேர்ந்த ஆறூர் நாடார் உறவின்முறைகள், வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பேட்டை, கிணறு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கட்டின. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-ல் அப்படி எழுந்ததுதான். கணக்கும் பெட்டியும் முறைகாரர் கையில். முறை மாறினால் பொறுப்பும் கைமாறும். கோயிலுக்குள் விடாதவர்களோடு கமுதி வழக்கு நடத்திக்கொண்டே தங்களுக்கென்று ஓர் உலகத்தைக் கட்டியவர்கள் அவர்கள். குறை என்னவென்றால், பொதுவென்று அவர்கள் சொன்னதும் சொந்தச் சாதியின் வேலியோடு நின்றது. இந்தப் பக்கத்தில் மற்றச் சமூகங்களின் பொது நிதிகளும் அப்படித்தான். சாதி கடந்த மகமை ஒன்றை இந்தச் சீமை இன்னும் பார்க்கவில்லை. மல்லிகைச் சந்தை, வத்தல் மண்டி, ஜவுளிக்கடை மூன்றிலும் சிறு தொகை பிடித்து, முறைகாரராகக் கலைக் குழுக்களையே ஆண்டுக்கு ஒரு குழு என்று அமர்த்திப் பார்க்கலாம். உறுமிக்காரர் முறைகாரராக இருக்கும் ஆண்டில் ஊர்ப் பெரியவர் திறப்பு விழாவுக்குச் சாவி கேட்டு அவரிடம் வர வேண்டியிருக்கும். அதற்கு ஒப்புக்கொள்வார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒப்புக்கொள்ளாவிட்டால் மையம் தேவையில்லை. சமுதாயக் கூடமே போதும்.

முதலில் கட்ட வேண்டியது காட்சிக்கூடம் அல்ல என்று நினைக்கிறேன். வெளியூர்க் குழுக்கள் படுத்து எழ ஒரு கூடம், கரகாட்டப் பெண்கள் கதவைத் தாழிட்டு உடை மாற்றவும் குளிக்கவும் ஓர் இடம், பம்பைக்கும் உறுமிக்கும் தோல் கட்ட ஒரு பட்டறை, மழையிலும் பாவு ஓட்டும்படி நீளமாக ஒரு கூரை. புரட்டாசி முதல் தை வரை பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற அண்ணாவிகளுக்கு மாதச் சம்பளம். அச்சாரம் கொடுத்துவிட்டு மீதியை இழுத்தடிக்கும் ஊர்களின் பெயரை எழுதிப் போட ஒரு கரும்பலகையும் வேண்டும். பதிவுக்கூடம் இருந்தால் நல்லது. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் நல்லதங்காளின் கதையைப் பாடத் தெரிந்த கிழவிகள் இன்னும் இருக்கும்போதே பதிந்து வைக்கலாம். பஞ்சத்தை இந்த மண் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை. ஆனால் பதிவின் உரிமை பாடியவருக்கு என்று முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும்; காப்புரிமைச் சட்டத்தின் 1994 திருத்தம் நிகழ்த்துவோருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. கரகாட்டத்தைக் கைப்பேசியில் எடுத்து யூடியூபில் போட்டுச் சம்பாதிப்பவர் ஆடியவருக்குப் பத்துப் பைசா அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இடம் எது என்று கேட்டால் சண்டை வரும். கோயிலும் தேவாரப் பாடலும் ரமணரும் இருப்பதால் திருச்சுழிதான் பொருத்தம் என்பார்கள். நான் அருப்புக்கோட்டைக்குத்தான் கை தூக்குவேன், அதுவும் புறவழிச்சாலைப் பக்கம். ஆட்டம் முடிந்து விடியற்காலை நான்கு மணிக்கு மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வண்டி கிடைப்பது அங்கேதான்.